செம்பு வலையும் வெடித்த வண்ணமும்: ஏ350 விமானத் தோல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2020ஆம் ஆண்டின் இறுதியில் கத்தார் ஏர்வேஸிடம் இருந்த, ஏர்பஸ் நிறுவனம் தயாரித்த ஏ350 பயணிகள் விமானம் ஒன்று, 2022 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கான சிறப்பு வண்ணத்தைப் பூசுவதற்காக அயர்லாந்தின் ஷானன் நகருக்கு அனுப்பப்பட்டது. புது வண்ணம் பூசுவதற்கு முன் பழையதை அகற்றுவது எந்தப் பணிமனையிலும் வழக்கமாக நடக்கும் வேலை. அந்த வேலையின்போதுதான் விமானத்தின் தோலில் வெடிப்புகளும், அடிப்பூச்சு பிடிப்பை இழந்த திட்டுகளும், சில இடங்களில் அதற்கும் கீழே புதைந்திருக்க வேண்டிய செம்பு வலையும் கண்ணில் பட்டன. அங்கே தொடங்கிய கேள்வி, கத்தார் ஏர்வேஸுக்கும் ஏர்பஸுக்கும் இடையிலான வழக்காகி, லண்டன் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2023 பிப்ரவரி 1 அன்று எட்டப்பட்ட சமரசத்தில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 30 நீள்தொலைவு விமானங்கள் தரையில் நின்றன.

இந்த வழக்கின் வணிகப் பக்கத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது, அந்த வழக்கு முழுவதும் எதைச் சுற்றிச் சுழன்றதோ அந்த ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அடுக்குத் தொகுதியை மட்டுமே: கார்பன் இழைக் கூட்டுப்பொருளின் (கார்பன் இழைகளைப் பிசினில் பதித்து இறுக்கிய பொருள்) மேல் ஒரு பிசின் படலம், அதனுள் ஒரு செம்பு வலை, அதற்கு மேல் பிரைமர் எனும் அடிப்பூச்சும் வண்ணமும். கார்பன் இழைப் பரப்பில் உலோகத்தைப் பதிப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பொதுவெளியில் வேறு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

உலோகம் ஏன் தேவைப்பட்டது

பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறை மின்னலால் தாக்கப்படுகிறது. அலுமினியத் தோல் உள்ள விமானத்தில் மின்னோட்டம் ஒரு முனையில் நுழைந்து, தோல் வழியாகவே பரவி, மறுமுனையில் வெளியேறிவிடும். அலுமினியத் தோலுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எல்க்டன் அருகே, பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 மின்னல் தாக்கி எரிபொருள் தொட்டி வெடித்து விழுந்ததில், அதில் இருந்த 81 பேரும் இறந்தனர். மின்னல் பாதுகாப்பு விதிகள் இன்று இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு அந்த விபத்து முக்கியமான காரணம்.

கார்பன் இழைக் கூட்டுப்பொருளில் நிலைமை இன்னும் சிக்கலானது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் இழை ஓடும் திசையிலேயே அதன் கடத்துதிறன் அலுமினியத்தினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இழைகளைச் சூழ்ந்திருக்கும் எபாக்ஸிப் பிசினோ மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மேலடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு, அதாவது தடிப்பின் திசையில், மின்சாரம் செல்வது மிகவும் கடினம். வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முதல் மின்னல் வீச்சின் உச்ச மின்னோட்டம் 200 கிலோஆம்பியர். அந்த அளவு மின்னோட்டம் பாதுகாப்பில்லாத பலகையில் இறங்கினால், வெப்பத்தால் பிசின் ஆவியாகி, அந்த வாயுவின் அழுத்தமே அடுக்குகளைப் பிளந்துவிடும். திருகாணிகளின் ஓரத்தில் தீப்பொறி எழலாம். இறக்கைக்குள் எரிபொருள் இருக்கும்போது அந்தப் பொறியை எந்த வகையிலும் அனுமதிக்க முடியாது.

ஏ350இன் எடையில் 53 விழுக்காடு கூட்டுப்பொருள். உடற்பகுதித் தோலும் இறக்கைத் தோலும் கார்பன் இழையால் ஆனவை. ஆகவே மின்னலை மேற்பரப்பிலேயே பிடித்து, பரப்பி, வெளியேற்றுவதற்கென்று தனியாக ஓர் உலோக அடுக்கு இன்றியமையாதது. உள்ளே இருக்கும் மின்கருவிகளுக்குத் தேவையான மின்னோட்டத் திரும்பு பாதையைக்கூட அந்தத் தோலால் தர முடியாது என்பதால், ஏ350இன் உட்புறத்தில் உலோகப் பாகங்களை இணைத்து ஒரு தனி வலையமைப்பே அமைத்திருக்கிறார்கள்.

எந்த உலோகம் என்ற கேள்வியில் முதலில் நினைவுக்கு வருவது அலுமினியம். அது இலேசானது, ஒரே எடைக்குச் செம்பைவிட இரு மடங்கு மின்சாரத்தைக் கடத்தும். இருந்தும் கார்பனுக்கு அருகில் அதை வைக்க முடியாது. கார்பன், எது எளிதில் அரிபடும் என்பதைக் காட்டும் மின்வேதி வரிசையில் வெள்ளிக்கும் பிளாட்டினத்துக்கும் பக்கத்தில் நிற்கும் பொருள். ஈரம் பட்டால் அலுமினியமும் கார்பனும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்பட்டுத் தூளாகிவிடும். அதைத் தடுக்க இடையில் ஒரு கண்ணாடி இழை அடுக்கை வைக்க வேண்டும். அப்போது அலுமினியத்தால் மிச்சமான எடை அந்தக் கண்ணாடி இழையிலேயே போய்விடும். செம்பு அந்த வரிசையில் கார்பனுக்கு நெருக்கமானது. தனியான தடுப்பு அடுக்கு இல்லாமலேயே அருகருகே இருக்க முடியும். செம்பு தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வலை எப்படித் தோலோடு சேர்கிறது

ஏ350இல் முதலில் பயன்படுத்தப்பட்டது விரிவாக்கப்பட்ட செம்புத் தகடு. மெல்லிய செம்புத் தகட்டில் வரிசையாகக் கீறல்கள் இட்டு, அதே இயந்திரத்தில் பக்கவாட்டில் இழுத்தால், கீறல்கள் திறந்து சாய்சதுரக் கண்கள் கொண்ட வலையாகும். பொருள் வெட்டி எறியப்படுவதில்லை. தறியில் நெய்யப்பட்ட வலையைப் போலக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதும் இல்லை. ஒரே துண்டு உலோகம் என்பதால் மின்சாரத்துக்குத் தடங்கலற்ற பாதை கிடைக்கிறது. விமானத் தொழிலில் வழக்கமாகப் பயன்படும் இத்தகைய வலைகளின் எடை, சதுர மீட்டருக்கு 73 கிராமிலிருந்து 195 கிராம் வரை இருக்கிறது. 73 கிராம் வலையை உருக்கித் திடமான தகடாகப் பரப்பினால் அதன் தடிப்பு 8 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். ஆனால் வலையின் ஒவ்வொரு இழையும் அதன் மூலத் தகட்டின் தடிப்பையே கொண்டிருக்கும். அது பொதுவாக 50 மைக்ரானும் அதற்கு மேலும். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

இந்த வலையைப் பலகை முழுதும் ஆன பிறகு மேலே ஒட்டுவதில்லை. பிசின் படலத்துக்குள் வலையைப் பதித்து, அதைப் பிசின் ஊறிய கார்பன் இழை அடுக்குகளோடு சேர்த்து அச்சில் பரப்பி, வெற்றிடப் பையால் மூடி, ஆட்டோக்ளேவ் எனும் அழுத்த அடுப்பில் அழுத்தத்தோடு சுமார் 180 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். வலையும் தோலும் ஒரே வேக்காட்டில் ஒன்றாகின்றன. இதில் பெரிய வசதி இருக்கிறது: பளபளக்கும் முதிர்ந்த எபாக்ஸிப் பரப்பின் மேல் உலோகத்தைப் பிடிக்க வைக்கும் தொல்லை முழுவதும் நீங்கிவிடுகிறது. பிசின் இளகிய நிலையில் வலையின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் பாய்ந்து, கெட்டியாகி, வலையைப் பூட்டிக்கொள்கிறது.

அதன் பிறகு அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய பொருளின் எச்சத்தைத் துடைத்து, பரப்பை இலேசாக உரசி, பிரைமரும், இடைப்பூச்சும், வண்ணமும், அதற்கு மேல் தெளிபூச்சும் ஏற்றப்படுகின்றன. வலைக்கு மேலே உள்ள பிசின் மிக மெல்லியது. உரசுகிறவரின் கை சற்று அழுந்தினாலும் செம்பு தெரிந்துவிடும். அலுமினிய விமானத்தில் வண்ணத்தை அகற்றப் பயன்படும் கடுமையான இரசாயனங்களை இங்கே பயன்படுத்த முடியாது. அவை எபாக்ஸியையும் தின்றுவிடும். ஆகவே மறுவண்ணம் பூசும் ஒவ்வொரு முறையும் இந்த மெல்லிய அடுக்கு ஒரு சோதனையைக் கடக்க வேண்டியிருக்கிறது.

பற்றுதலின் கேள்வி

நம் ஊர்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரின் வேலையைப் பார்த்தவர்களுக்கு, உலோகத்தின் மேல் உலோகம் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்திருக்கும். பாத்திரத்தை நெருப்பில் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவிப் பரப்பின் மாசை நீக்கி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்க்கும்போது, அது பித்தளையோடு கலந்து ஒரு மெல்லிய உலோகக் கலவையை இடையில் உண்டாக்குகிறது. அந்தக் கலவைதான் பிடிப்பு. எபாக்ஸிக்கும் செம்புக்கும் இடையே அப்படி எதுவும் உருவாவதில்லை. அங்கே இருப்பது சொரசொரப்பான பரப்பில் பிசின் புகுந்து இறுகிய பூட்டும், மூலக்கூறுகளுக்கிடையே உள்ள பலவீனமான ஈர்ப்பும், செம்பின் மேல் தரப்பட்ட இரசாயனச் சிகிச்சையின் உதவியும் மட்டுமே. இந்தப் பிடிப்பு இழுவையை ஓரளவு தாங்கும். ஆனால் ஆண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் இழுவையும் ஈரமும் சேர்ந்தால், எங்கோ ஓர் இழையின் ஓரத்தில் ஒரு சிறு விரிசல் திறக்கும்.

வெப்பத்தின் கணக்கு

இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. எனவே எண்களோடு சற்று நேரம் செலவிடுவது தகும்.

செம்பு ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 17 பங்கு விரிகிறது. பல திசைகளில் இழை பரப்பிய கார்பன் இழைப் பலகை, அதன் தளத்தில், 3 பங்கு அளவில்தான் விரிகிறது. கார்பன் இழை தன் நீளத்தில் வெப்பத்துக்குச் சற்றுச் சுருங்கவே செய்யும் என்பதால் இந்த எண் இவ்வளவு சிறியதாகிறது. எபாக்ஸிப் பிசின் 55 பங்கு அளவில் விரியும். ஒன்றோடொன்று ஒட்டி வைக்கப்பட்ட மூன்று பொருள்கள், 3, 17, 55 என்ற மூன்று வேகங்களில் விரிந்து சுருங்க விரும்புகின்றன.

180 டிகிரியில் மூன்றும் ஒன்றாக இறுகின என்று வைத்துக்கொள்வோம். வானில் 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 55 டிகிரி அளவில் இருக்கும். ஆக மொத்தம் 235 டிகிரி வீழ்ச்சி. கார்பன் பலகையோடு ஒப்பிட்டால் செம்பு அதிகமாகச் சுருங்க விரும்பும் அளவு 0.33 விழுக்காடு. அதைச் சுருங்கவிடாமல் பலகை இழுத்துப் பிடிக்கிறது. மென்செம்பு நிலையாக நீளத் தொடங்குவது 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான இழுவையிலேயே. அதாவது விமானம் ஒரு முறையும் பறப்பதற்கு முன்பே, ஆட்டோக்ளேவிலிருந்து வெளியே வந்து ஆறும்போதே, இந்த இழைகள் தம் மீள்திறன் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். பிசினின் நிலை இன்னும் கடினம்: அது 1.2 விழுக்காடு சுருங்க விரும்பியும் முடியாமல் இழுபட்ட நிலையிலேயே நிற்கிறது. அதற்கு மேல் உள்ள வண்ண அடுக்குகளும் பலபடிப் (பாலிமர்) பொருள்களே. குளிரில் அவை விறைத்து, நீளும் தன்மையை இழக்கின்றன.

வலைக்குத் தகட்டைவிட ஒரு நன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சாய்சதுரக் கண்கள் ஓரளவுக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் அந்தக் கண்களைப் பிசின் நிரப்பிப் பூட்டிய பிறகு, வளையும் உரிமை பெருமளவு பறிபோகிறது. மேலும், கீறி இழுக்கும்போது இழைகள் முறுக்கிக்கொள்கின்றன. இரண்டு இழைகள் சேரும் முடிச்சுகள் மற்ற இடங்களைவிட உயர்ந்து நிற்கின்றன. அந்த முடிச்சுக்கு மேலே பிசின் மிக மெலிந்திருக்கும். அதன் கூரிய விளிம்பில் இழுவை குவியும். வெடிப்பு எங்கே பிறக்கும் என்று ஒரு பொறியாளரைக் கேட்டால், வலையைப் பார்ப்பதற்கு முன்பே அவர் அந்த முடிச்சைத்தான் காட்டுவார்.

தரையில் நிற்கும்போது தோஹாவின் கோடை வெயிலில் தோலின் வெப்பம் எளிதாக 60 டிகிரியைத் தாண்டும். வானில் அது மைனஸ் நிலைக்குப் போகும். ஒவ்வொரு பயணத்திலும் ஏறத்தாழ 100 டிகிரி ஊசலாட்டம். நாளைக்கு இரண்டு பயணம் என்று கொண்டாலும், மறுவண்ணத்துக்கு வரும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இந்த ஊசலாட்டம் நான்காயிரம் முறை நிகழ்ந்துவிடும். தோஹாவில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த விமானங்களை 2022இல் நேரில் பார்த்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள், உடற்பகுதியின் உச்சி நெடுகிலும் வண்ணம் கொப்புளித்தும் வெடித்தும் கிடந்ததாக எழுதினார்கள். வெயில் நேராக விழும் இடம் அதுதான்.

இந்தக் கணக்கோடு வேறொரு பொருளை அருகில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2009 மே 14 அன்று செலுத்திய பிளாங்க் விண்கலத்தின் தொலைநோக்கி ஆடிகள் கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆனவை. அவற்றின் மேல் அரை மைக்ரானைச் சற்றே தாண்டிய அலுமினியப் படலம் வெற்றிடத்தில் படிய வைக்கப்பட்டது. அந்த ஆடிகள் அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே குளிர்ந்தன. அலுமினியம் செம்பைவிட அதிகமாகச் சுருங்கும் உலோகம். எனவே அங்கே பிறந்த பொருந்தாமை இங்கே சொன்ன 0.33 விழுக்காட்டைவிடக் கூடுதலானதே. இருந்தும் படலம் உரியவில்லை. தொலைநோக்கி 2013 வரை பணி செய்தது.

எண்களில் இவ்வளவு ஒற்றுமை இருந்தும் முடிவுகள் வேறுபட்டதற்குக் காரணம் தடிப்பு. ஒரு பூச்சை அதன் பரப்பிலிருந்து உரித்தெடுக்கும் ஆற்றல், அதில் தேங்கிய இழுவையின் வர்க்கத்துக்கும் பூச்சின் தடிப்புக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அரை மைக்ரான் படலத்தில் எவ்வளவு இழுவை இருந்தாலும், பிடிப்பை வெல்லும் அளவுக்கு ஆற்றல் அதில் சேர்வதில்லை. 50 மைக்ரான் இழையில் அதைவிட நூறு மடங்கு ஆற்றலுக்கு இடம் இருக்கிறது. பிளாங்க் ஆடி வானில் ஒரே ஒரு முறைதான் குளிர்ந்தது என்பதும், அது மழையையும் வெயிலையும் சந்திக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆயினும் தடிப்பின் பங்கே முதன்மையானது. அப்படியானால் விமானத்திலும் அரை மைக்ரான் பூசிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பிளாங்க் ஆடியைப் போல நுண்ணலையைப் பிரதிபலிக்க அது போதும். 200 கிலோஆம்பியரைச் சுமக்கப் போதாது, நொடியின் சிறு பங்கில் ஆவியாகிவிடும். மின்னல் கேட்கும் தடிப்பைப் பிசினின் பிடிப்பு விரும்புவதில்லை. பிடிப்பு விரும்பும் மெலிவை மின்னல் ஏற்பதில்லை. கார்பன் இழை மேல் உலோகம் பதிக்கும் கலை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய சந்தில்தான் நடக்கிறது.

வெயில் மட்டுமா காரணம்

பிரச்சினை வெளிப்பட்டபோது, வளைகுடாவின் கொடும் வெப்பம்தான் இதற்குக் காரணம் என்ற எண்ணம் எளிதாகப் பரவியது. 2021 நவம்பரில் வெளியான ராய்ட்டர்ஸ் செய்தி அந்த எண்ணத்தைத் திருத்தியது. ஹெல்சிங்கியைத் தளமாகக் கொண்ட ஃபின்ஏர் நிறுவனம், 2016லேயே தன் ஏ350 விமானங்களின் வண்ணம் பற்றி முறையிட்டிருந்தது. 2019இல் சேதம் வண்ணத்தைத் தாண்டி மின்னல் தடுப்பு வலை வரை சென்றதாகவும் தெரிவித்திருந்தது. கேத்தே பசிபிக், எதிஹாட், லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ் ஆகிய நிறுவனங்களும் பல்வேறு அளவில் மேற்பரப்புக் குறைகளைக் குறிப்பிட்டிருந்தன.

மேலே போட்ட கணக்கு சரியென்றால் இது வியப்பளிக்கக் கூடாது. அடுக்குகள் இறுகிய வெப்பநிலை 180 டிகிரி என்பதால், இழுவை உச்சத்தை அடைவது குளிரில். பனி நாட்டு விமானத்தின் தோல் அந்தக் குளிர்ப்பக்கத்தில் அதிக நேரம் கழிக்கிறது. பாலைவன விமானத்தின் தோல் பெரிய ஊசலாட்டத்தையும், வண்ணத்தை மூப்படையச் செய்யும் புறஊதாக் கதிரையும் சந்திக்கிறது. இரண்டு வழிகளும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. வெப்பத்தைப் பழிப்பதைவிட, பொருள்களின் பொருத்தத்தை ஆராய்வதே முறை என்று ஃபின்ஏரின் முறையீடு ஐந்தாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது.

இங்கே போயிங் 787 பற்றியும் ஒரு சொல். அதன் இறக்கைகளிலும் வண்ணம் உரிந்தது. சில விமானங்கள் வெள்ளி நிற ஒட்டுப்பட்டைகளோடு பறந்த படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது, புறஊதாக் கதிர் வண்ணத்தைக் கடந்து சென்று பிரைமருக்கும் கூட்டுப்பொருளுக்கும் இடையிலான பிடிப்பைச் சிதைத்தது என்பது. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பழுது பிறந்த அடுக்கு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசிய கட்டுரைகள் வாசகரைத் தவறான பக்கம் திருப்பின.

இரண்டு அமைப்புகள், இரண்டு முடிவுகள்

ஏ350இன் முதல் வாடிக்கையாளர் கத்தார் ஏர்வேஸ்தான். முதல் விமானம் அதற்கு 2014 டிசம்பர் 22 அன்று ஒப்படைக்கப்பட்டது. ஷானன் கண்டுபிடிப்புக்குப் பிறகு, 2021 ஆகஸ்டில், கத்தாரின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் உத்தரவின்படி 13 விமானங்களை நிறுத்தியதாக அந்நிறுவனம் அறிவித்தது. எண்ணிக்கை தொடர்ந்து கூடியது. டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டது. முதலில் கேட்கப்பட்ட இழப்பீடு சுமார் 61.8 கோடி டாலர். பின்னாளில் அது பல மடங்கு பெருகியது. 2022 ஜனவரியில் ஏர்பஸ், கத்தார் வாங்கவிருந்த 50 ஏ321நியோ விமானங்களுக்கான ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஒரு பூச்சின் வெடிப்பு இரண்டு பெரிய நிறுவனங்களின் உறவை இந்த அளவுக்குக் கொண்டுபோனது வருந்தத்தக்கது.

பொறியியல் நோக்கில் கவனிக்க வேண்டியது ஒழுங்குமுறை அமைப்புகளின் வேறுபாடு. இந்த விமான வகைக்குச் சான்றளித்த ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, சேதத்தை ஆராய்ந்து, பறக்கும் தகுதிக்குக் குறை இல்லை என்றது. ஏர்பஸும் மேற்பரப்புத் தேய்வு இருப்பதை ஏற்றுக்கொண்டு, அது கட்டமைப்பைச் சார்ந்ததல்ல, பழுதுபார்க்கக்கூடியது என்றது. கத்தார் தரப்போ, மின்னல் தடுப்பு வலையே வெளித்தெரிந்து சிதையும்போது அதை வெறும் அழகுக் குறையாகக் கொள்ள முடியாது, குறையின் மூல காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை என்று வாதிட்டது.

என் பார்வையில் இரண்டு தரப்பும் பயன்படுத்திய வகைப்பாட்டிலேயே இந்த அடுக்குக்குச் சரியான இடம் இல்லை. செம்பு வலை விமானத்தின் பளுவைத் தாங்குவதில்லை. ஆகவே அது கட்டமைப்பு ஆகாது. ஆனால் அது இல்லாவிட்டால் அடுத்த மின்னல் கட்டமைப்பைத் தொடும். ஆகவே அதை அலங்காரம் என்றும் தள்ள முடியாது. தேவைக்கு மேல் கூடுதல் வலு வைத்து வடிவமைத்திருப்பதால், சில திட்டுகளில் வலை சேதமுற்றாலும் விமானம் பாதுகாப்பாகப் பறக்கும் என்ற வாதத்தில் பொருள் உண்டு. ஆயினும் எத்தனை திட்டுகள், எவ்வளவு பரப்பில், எந்த மின்னல் மண்டலத்தில், எவ்வளவு நாள் என்பதற்கு முன்கூட்டியே எழுதப்பட்ட எல்லைகள் இருந்தால்தான் அந்த வாதம் பராமரிப்புப் பொறியாளரின் கையில் பயன்படும். மூக்குப் பகுதியிலும் இறக்கை நுனியிலும் மின்னல் நேராக இறங்கும்; அங்கே உள்ள ஒரு திட்டையும் உடற்பகுதியின் நடுவில் உள்ள ஒரு திட்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

வேறு வழிகள்

வலையைத் தவிர வேறு எதையாவது பூசியிருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. மின்வில்லில் உருக்கிய அலுமினியத்தை அச்சின் மேல் தெளித்து, அதன் மேல் கார்பன் அடுக்குகளைப் பரப்பும் முறை நெடுநாளாக உண்டு. தடிப்பைச் சீராக வைத்திருப்பது கடினம், முன்பு சொன்ன அரிப்புக்கான தடுப்பும் வேண்டும். இரசாயனக் குளியலில் செம்பையோ நிக்கலையோ படியவைக்க, முதலில் பிசின் பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கி, பல்லேடியம் விதைகளைத் தூவ வேண்டும். கையளவுப் பாகங்களுக்கு அருமையாக அமையும் இம்முறையை 20 மீட்டர் நீளத் தோலுக்கு நினைத்துப் பார்ப்பதே சிரமம். ஒவ்வொரு கார்பன் இழையின் மேலும் நிக்கலைப் பூசி, அந்த இழைகளால் ஆன மெல்லிய துணியை மேலடுக்காக வைப்பது இன்னொரு வழி. அதில் விரிவுப் பொருந்தாமை குறைகிறது. ஆனால் மின்சாரம் செம்பில் ஓடுவதுபோல் ஓடுவதில்லை.

குளிர்த் தெளிப்பு என்ற முறையைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அதன் தோல்வியில் நிறையக் கற்க இருக்கிறது. உலோகத் தூளை உருக்காமல், ஒலியைவிட அதிக வேகத்தில் பரப்பின் மேல் வீசினால், மோதும் வேகத்திலேயே துகள்கள் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். உலோகத்தின் மேல் இது நன்றாகப் பலிக்கிறது. எபாக்ஸியின் மேல் செம்பை வீசினால், ஒட்டுவதற்குப் பதிலாக அது பிசினைச் செதுக்கி இழைகளை வெளியே காட்டிவிடுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், எளிதில் இளகும் வெள்ளீயம் மட்டும் பிடித்தது. மோதும்போது பாதி உருகிய வெள்ளீயத் துகள், முந்தைய துகள்கள் பிசினில் உண்டாக்கிய நுண்வெடிப்புகளுக்குள் வழிந்து இறுகி, ஆணி அடித்ததுபோல் பற்றிக்கொள்கிறது. வெள்ளீயத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் என்பது இதன் எல்லை. பழுதுபார்க்கும் வேலையில், சிறு திட்டில் வலையின் தொடர்ச்சியை மீட்பதற்கு இது உதவக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

துளையிட்ட தகடு

ஏர்பஸ் தேர்ந்தெடுத்த மாற்றம் இவை எவற்றையும்விட எளியது. விரிவாக்கப்பட்ட தகட்டுக்குப் பதிலாகத் துளையிட்ட செம்புத் தகட்டை மின்னல் தடுப்பாகப் பயன்படுத்தும் மாற்றம், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வெளியே தெரிந்தது. உலோகமும் அதேதான், வேலையும் அதேதான். வடிவம் மட்டும் மாறுகிறது. இழுத்து விரிக்காததால் இழைகள் முறுக்கிக்கொள்வதில்லை. உயர்ந்து நிற்கும் முடிச்சு இல்லை. தகடு முழுவதும் ஒரே சமதளத்தில் கிடப்பதால் அதற்கு மேலுள்ள பிசினின் தடிப்பும் சீராக இருக்கும். துளைகளின் வட்டமான விளிம்பில் இழுவை குவிவதும் குறையும். வெப்ப விரிவு எண்கள் 3, 17, 55 என்றே இருக்கின்றன. அவற்றை யாராலும் மாற்ற முடியாது. வெடிப்பு தொடங்கும் இடத்தை நீக்குவதுதான் இந்த மாற்றத்தின் பயன்.

விசாரணை 2023 ஜூனில் தொடங்குவதாக இருந்தது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, எந்தத் தரப்பும் பொறுப்பை ஏற்காத சமரசம் எட்டப்பட்டது. ரத்தான ஒப்பந்தங்கள் மீண்டும் உயிர்பெற்றன. நிறுத்தப்பட்ட விமானங்களைப் பழுதுபார்த்துப் பறக்கவிடும் பணி தொடங்கியது. இதனால் வல்லுநர் அறிக்கைகள் திறந்த மன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகும் வாய்ப்பு போய்விட்டது. பொருளறிவியல் படிப்பவர்களுக்கு அது பெரிய இழப்பு.

பழைய வலையோடு ஒப்படைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான ஏ350 விமானங்கள் இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் மறுவண்ணத்துக்காகப் பணிமனைக்கு வரும். வண்ணத்தை உரசி அகற்றும் தொழிலாளிக்கு, வலைக்கு மேலுள்ள பிசினின் தடிப்பை அளக்கும் கருவியும், வெளித்தெரிந்த செம்பு மங்கியிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பிரித்துப் பதியும் படிவமும், பதிந்ததை மின்னல் மண்டல வரைபடத்தோடு ஒப்பிடும் நேரமும் தரப்பட வேண்டும். ஷானனில் அந்தத் தொழிலாளர்களின் கண்ணில்தான் இது முதலில் பட்டது.